எழுத்து, ஜெபம், இரக்கம்: உங்கள் மனதில் நிற்பவர் யார்?

கேள்வி: எனக்கு குமரி மாவட்டம் நெய்யூர் டாக்டர் சாமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், அப்புறம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். அதைப் புத்தகமாகவும் எழுதினார். உங்களுக்கு யார்?

பதில்: எங்கள் பாட்டி. படிப்பு மூன்றாம் வகுப்புதான். மார்த்தாண்டம் சந்தையிலிருந்து வந்ததும், யார் வீட்டுக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கொடுத்தாள், யாருக்காக ஜெபிக்கணும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவாள். ஒரே எழுத்துப்பிழை! பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் பிரசவத் தேதியும் அதில் உண்டு.

இன்னொருவர்: மரச்சீனி என்றதும் பசிக்குது மக்கா. எழுத்துன்னா தேரூர்க் கவிஞர் கவிமணியை மறந்துட்டீங்களே?

கேள்வி கேட்டவர்: சரிதான் அண்ணே. பாட்டி எழுதின அந்தத் தாள்கள் இருக்கா?

பதில்: பாதியைக் கரையான் தின்னுடுச்சு. மீதி அவள் பைபிளுக்குள்.