அலுவலகத்தில் மூளை அலைப் பட்டை அணியச் சொன்னால் மறுக்க முடியுமா?

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு):
வணக்கம். நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில், ஊழியர் நலத் திட்டம் என்ற பெயரில், நெற்றியில் மூன்று உலோகப் பொட்டுகள் பதியும் பட்டை ஒன்றைத் தினமும் இரண்டு மணி நேரம் அணியச் சொல்கிறார்கள். கழற்றிய பிறகும் அந்த மூன்று வட்டங்களும் சிவந்தே இருக்கின்றன. என் கவனமும் சோர்வும் மதிப்பெண்களாக மேலாளரின் திரையில் தெரிகின்றன. சிறு வயதில் எனக்கு வலிப்பு இருந்ததை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மறுத்தால் சட்டம் துணை நிற்குமா?

மறுமொழி 1 (இ.இ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவு எடுப்பவர், ஜெயநகர்):
இந்தப் பட்டைக்கு எண்ணங்களைப் படிக்கத் தெரியாது. தோலின் மேல் மைக்ரோவோல்ட் அளவில் கிடைக்கும் மின்னழுத்தத்தைத்தான் அது பதிகிறது, கண் சிமிட்டினாலே கோடு துள்ளிவிடும். மதிப்பெண்ணைவிட, அதற்கு அடியில் சேமிக்கப்படும் மூல அலைப்பதிவே எனக்குக் கவலை தருகிறது. வலிப்பு உள்ளவர்களுக்கு, வலிப்பு வராத நேரத்திலும் கூரான அலைகள் தோன்றுவதுண்டு. மூன்று பொட்டுகளில் அவை அகப்படுவது அரிது என்றாலும், பதிவை வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப ஆராயலாம்.

மறுமொழி 2 (வழக்கறிஞர், சிவாஜிநகர்):
நம் மாநிலத்திலிருந்து போன செல்வி வழக்கில், ஒருவருடைய சம்மதமின்றி, மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் விசாரிக்கும் நார்கோ சோதனையோ மூளை மின்னலைச் சோதனையோ நடத்துவது அரசியல் சாசனத்தின் 20(3) (தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது), 21 (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) ஆகிய பிரிவுகளுக்கு முரணானது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது காவல்துறையைக் கட்டுப்படுத்துமே தவிர, உங்கள் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தரவுக்கென்று தனி வகை இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, வேலை நிமித்தமான தரவுகளை ஒப்புதல் இல்லாமலே கையாள அனுமதிக்கும் 7-ஆவது பிரிவு. தரவை அழிக்கச் சொல்லும் உரிமையோ ஒப்புதலின்பேரில் பெற்ற தரவுக்கே உண்டு. ஆகவே, எந்த அடிப்படையில் அலைகளைப் பதிகிறார்கள் என்று முதலில் எழுத்துமூலம் கேளுங்கள்.

மறுமொழி 3 (இந்திராநகர்):
சிலி நாடு 2021-இலேயே மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் அரசியல் சாசனத்தில் பாதுகாத்தது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மூளை அலைப் பட்டைகளைத் தயாரிக்கும் எமோட்டிவ் நிறுவனம் சேமித்த ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்க உத்தரவிட்டது. நமக்கும் அப்படியொரு திருத்தம் தேவை. சம்பளம் கொடுப்பவர் நீட்டும் தாளில் போடும் கையெழுத்தை மனமுவந்த ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
பட்டை அணியச் சொல்லி நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை மீண்டும் படித்தேன். 'பணியின் பொருட்டு' என்றிருக்கிறது. ஒப்புதல் என்ற சொல்லே இல்லை. நாளை மனிதவளத் துறைக்கு எழுதுகிறேன். பதில் வரும்வரை பட்டை மேசை இழுப்பறையில்தான் இருக்கும்.