பழைய பூல் டேபிள் பந்து செட் மஞ்சளடிச்சிருக்கு, எப்படி க்ளீன் பண்றது?

பாக்கெட்8:
செகண்ட் ஹேண்ட்ல டேபிள் வாங்குனப்ப கூடவே ஒரு பால் செட்டும் வந்துச்சு. க்யூ பால் (குச்சியால நேரா அடிக்கிற வெள்ளைப் பந்து) வெள்ளையா இருந்த அடையாளமே இல்ல, பட்டை போட்ட ஸ்ட்ரைப் பால் எல்லாத்துலயும் வெள்ளைப் பகுதி மஞ்சளாயிடுச்சு. மேல குச்சி முனையில தேய்க்கிற நீல சாக்குத்தூள் அப்பி கையில பிசுபிசுங்குது. ப்ளீச்ல ஊற வெக்கலாமா, இல்ல அசிட்டோன் போட்டுத் தொடைக்கலாமா? டிஷ்வாஷர்ல போடுன்னு ஒருத்தர் சொன்னாரு, நம்பலாமா?

சாக்குத்தூள்:
மூணும் வேண்டாம் ப்ரோ. முதல்ல பால் எதுல செஞ்சதுன்னு பாருங்க. இப்ப வர்ற நல்ல செட் எல்லாம் ஃபீனாலிக் ரெசின்ங்கிற கெட்டி பிளாஸ்டிக், மலிவானது பாலியெஸ்டர். ரொம்பப் பழசுன்னா செல்லுலாய்டுங்கிற அந்தக் காலத்து பிளாஸ்டிக்கா இருக்கலாம், துணியால சூடேற அழுத்தித் தேய்ச்சா லேசா கற்பூர வாசனை வரும், அதுல அசிட்டோன் பட்டா மேல்பரப்பே கரைஞ்சிரும், தீயும் சட்டுனு புடிக்கும், அதனால சூடான ஊசி வெச்சு டெஸ்ட் பண்றேன்னு கிளம்பிடாதீங்க. ஒன்னுக்கொன்னு குறுக்கா வெட்டுற மெல்லிசு வளைவுக் கோடு தெரிஞ்சா யானைத் தந்தம், அதைத் தண்ணியில போடவே கூடாது, விரிசல் விட்டுரும்.

பாக்கெட்8:
கற்பூர வாசனை இல்ல, கோடும் இல்ல. தட்டுனா கணீர்னு சத்தம் வருது.

மைக்ரோஃபைபர்:
அப்ப பெரும்பாலும் ஃபீனாலிக்தான். வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு மெல்லிசு துணியால ஒவ்வொண்ணா தேய்ச்சு, அலசி, உடனே தொடைச்சிருங்க. பாதி மஞ்சள் இதுலயே போயிரும், ஏன்னா அது மஞ்சளே இல்ல, கை எண்ணெயும் சாக்கும் சேர்ந்த அழுக்கு. மிச்சம் இருக்கிறதுக்கு அராமித் பிராண்ட் பந்து க்ளீனர், இல்லன்னா நோவஸ் 2 மாதிரி பிளாஸ்டிக் பாலிஷ், கொஞ்சூண்டு போட்டு வட்டமா தேய்ங்க. கடைசியா காஞ்ச துணியால நல்லா துடைச்சிருங்க, பாலிஷ் பால்ல தங்குனா டேபிள் துணியில ஒட்டும். மேஜிக் ஸ்பாஞ்ச் வேண்டாம், அதுவே நைஸ் உப்புத்தாள்தான், பளபளப்பு செத்துரும்.

பாக்கெட்8:
சோப்புத் தண்ணிக்கே 8-ம் நம்பர் பால்ல முகம் தெரியுது! தண்ணி நீலமா ஓடிச்சு. ஆனா க்யூ பால் இன்னும் தந்தக் கலர்லதான் இருக்கு. 2000 உப்புத்தாள் போடவா?

சாக்குத்தூள்:
ஐயோ வேண்டாம். பழைய ஃபீனாலிக் வெளிச்சமும் காத்தும் பட்டுப் பட்டு மஞ்சளாகும், மேலாப்புல சுரண்டினாலும் கொஞ்ச நாள்ல திரும்பி வரும், அதுக்குள்ள பந்து உருண்டை கெட்டுரும். அதுக்குப் பதிலா வெர்னியர் காலிப்பர் வெச்சு விட்டத்தை அளந்து பாருங்க, புதுப் பந்து 57.15 மிமீ. க்யூ பாலை நாலஞ்சு பக்கம் திருப்பித் திருப்பி அளங்க, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவு காட்டினா தேஞ்சிருச்சுன்னு அர்த்தம், அப்ப க்யூ பால் மட்டும் புதுசு வாங்கிக்கோங்க. எல்லா ஷாட்லயும் அடிபடுறது அதுதான், முதல்ல தேயும்.

மைக்ரோஃபைபர்:
+1. வாங்குறப்ப எடையும் பாருங்க, 156-லருந்து 170 கிராமுக்குள்ள, மத்த பால் எடைக்குக் கிட்டத்துல இருக்கணும். மேல சில்லு பேந்த பால் இருந்தா ஃபெவிகுவிக் போட்டு நிரப்பாதீங்க, ஷோகேஸ்ல வெக்க மட்டும்தான் ஆகும்.