போக்சோ வாக்குமூலம்: வீடியோ பதிவு எப்படி நடந்தது? உங்கள் அனுபவம்

துணைநிழல்
போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் குழந்தைகளுக்கு ஆதரவு நபராகப் போகிறேன். ஒரு சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே எடுத்தார்கள். பெண் உதவி ஆய்வாளர் சீருடை இல்லாமல் வந்தார், தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. ஆனால் பதிவு செய்தது அவருடைய சொந்த மொபைலில். அவள் தயங்கித் தயங்கி முக்கியமான இடத்துக்கு வந்தபோது மெமரி நிறைந்து பதிவு நின்றுவிட்டது. அவர் அவசர அவசரமாகத் தன் வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அக்கா, நான் சொன்னதும் அழிந்துவிட்டதா? திரும்பவும் சொல்ல வேண்டுமா?"

போக்சோ சட்டத்தின் 26(4) பிரிவு ‘இயன்ற இடத்தில்’ ஒலி, ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. கருவிக்குப் பணம் ஒதுக்காத இடத்தில் எது இயலும்?

கறுப்பு அங்கி
மொபைலில் எடுத்ததைக் குறை சொல்லாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 176ஆவது பிரிவே, பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் வாக்குமூலத்தை மொபைலிலும் பதிவு செய்யலாம் என்கிறது. சிக்கல் அது யாருடைய மொபைல் என்பதில்தான். ஒரு வழக்கில் நீதிபதி, "அந்த போன் எங்கே?" என்று கேட்டார். அதிகாரி மாறுதலாகிப் போயிருந்தார், போனையும் மாற்றிவிட்டார். கையில் இருந்தது ஒரு குறுந்தகடு, அதற்குச் சான்றிதழில் கையெழுத்திட ஆளில்லை. புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு கேட்கும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவைக் காட்டி என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதிவு முழுமையாக இருந்தாலும் குழந்தை நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத்தான் வேண்டும். காவல்துறையிடம் சொன்னது தனிச் சாட்சியம் ஆகாது.

துணைநிழல்
அது எனக்கும் தெரியும், ஐயா. நீதிமன்றத்தில் ஒருமுறை சொல்வது வேறு. அதற்கு முன்பே, கருவி இல்லாத குறைக்காக ஒரே நாளில் இரண்டு முறை சொல்லவைப்பது வேறு.

ஓர் அம்மா
என் மகனிடம் பதிவு செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். இறங்கி வரும்போது அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வீடியோவை யாரெல்லாம் பார்ப்பார்கள் அம்மா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்ட இடத்தில், "பத்திரமாக இருக்கும்" என்றார்கள். எங்கே, யார் பொறுப்பில் என்று யாரும் சொல்லவில்லை. இன்றும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கோப்பு எண்
அந்த அம்மாவின் கேள்வியும் பணத்தில்தான் போய் முடிகிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு காமிரா உறை பிரிக்காமல் பீரோவில் இருந்ததைப் பார்த்தேன். வாங்கப் பணம் இருந்தது, மெமரி கார்டுக்கும் பயிற்சிக்கும் இல்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன். "நிதி இல்லை" என்று யாராவது சொன்னால் எந்தத் தலைப்பில் இல்லை என்று கேளுங்கள். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதி 2013இல் 1000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்டது. போக்சோ வழக்குகளுக்கான விரைவு சிறப்பு நீதிமன்றங்களுக்கு 2019 முதல் மத்திய அரசின் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. குழந்தைப் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யாவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. இவற்றிலோ காவல்துறையின் சொந்த ஒதுக்கீட்டிலோ உங்கள் மாவட்டத்தில் வாக்குமூலப் பதிவுக்கு எவ்வளவு செலவானது என்று 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். காமிரா, மைக், சேமிப்பு, பயிற்சி என்று தனித்தனியாகக் கேளுங்கள்; மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். வழக்கு எண்ணையோ குழந்தையின் பெயரையோ மனுவில் எழுதிவிடாதீர்கள். பதிவுகளைப் பார்க்க யாருக்கு அனுமதி, அதற்குப் பதிவேடு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓர் அம்மா
கடைசியில் சொன்ன கேள்வியை மட்டும் நாளையே எழுதி அனுப்புகிறேன்.