உல்ம் ஸ்டூடியோவில் எடுத்த படைவீரர் உருவப்படம்: பின்புறத்திலுள்ள "வெர்டூன் 1916" என்ற குறிப்பை நம்பலாமா?

கேள்வி: நாடாச்சுருள்

அனைவருக்கும் வணக்கம். நான் வசிக்கும் தென் ஜெர்மானிய நகரில் கூடும் பழம்பொருள் சந்தையில், இரண்டு உலகப் போர்க் காலத்து ஜெர்மானியப் படைவீரர்களின் உருவப்படங்களைச் சில காலமாக வாங்கிச் சேர்த்து வருகிறேன். அண்மையில் வாங்கிய இரண்டு படங்களைப் பற்றி அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

முதலாவது, அஞ்சலட்டைத் தாளில் அச்சிடப்பட்ட படம். சிறு மேசையொன்றில் கையூன்றி நிற்கும் இளைஞர், வெயில் மறைப்பில்லாத வட்டத் தொப்பி அணிந்திருக்கிறார். தொப்பியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வட்டச் சின்னங்கள் உள்ளன. மேலே இருப்பது கறுப்பு, வெள்ளை, கறுப்பு என வளையங்களாகத் தெரிகிறது. கீழே இருப்பது முழுவதும் கறுப்பாகவே தெரிகிறது. தோள்பட்டியில் 127 என்ற எண்ணைப் படிக்க முடிகிறது. சட்டையின் மேலிருந்து இரண்டாவது காஜாவில், ஓரங்களில் வெள்ளைக் கோடு ஓடும் கறுப்பு நாடா ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அட்டையின் மூலையில் உல்ம் நகர ஸ்டூடியோ ஒன்றின் புடைப்பு முத்திரை. விற்றவர் இதைப் "பவேரிய வீரர்" என்று சொல்லித்தான் விற்றார். பின்புறம் பென்சிலில் "வெர்டூன் 1916" என்று, அதாவது அந்த ஆண்டு பெரும் சமர் நடந்த பிரெஞ்சு ஊரின் பெயர், எழுதியிருக்கிறது.

இரண்டாவது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து மார்பளவுப் படம். ஆல்பத் தாளில் ஒட்டிய நிலையிலேயே, அந்தத் தாளோடு சேர்த்து வாங்கினேன். அதில் கழுகுச் சின்னம் வீரரின் இடது மார்பில் இருக்கிறது. காஜாவில், நடுவே மெல்லிய கோடு ஓடும் சாம்பல் நிற நாடா தெரிகிறது. இந்தப் படங்களுக்கு எப்படிக் காலம் கணிப்பது? பென்சில் குறிப்பை எந்த அளவுக்கு நம்புவது?

மறுமொழி 1: தோள்பட்டி

வணக்கம் நண்பரே. முதல் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தில் இருப்பவர் பவேரியர் அல்லர். அதைச் சொல்ல அந்த எண் ஒன்றே போதும். பேரரசுக் கால ஜெர்மனியில் பிரஷியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன் ஆகிய உறுப்பு அரசுகளின் காலாட்படையணிகள் ஒரே வரிசையில் எண்ணிடப்பட்டிருந்தன. பவேரியா மட்டும் தனக்கென ஒரு வரிசை வைத்திருந்தது. போருக்கு முன் அந்த வரிசை 23-ஐத் தாண்டவில்லை. பொது வரிசையில் 119 முதல் 127 வரையிலான எண்கள் வூர்ட்டம்பெர்க்குக்கு உரியவை; 127-ஆம் படையணியின் நிலையான முகாமே உல்ம் நகரில்தான் இருந்தது. விற்றவர் குழம்பியதற்கும் காரணம் உண்டு. உல்ம் வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்தது. டான்யூப் ஆற்றைக் கடந்தால் வரும் நொய்-உல்ம் பவேரியாவைச் சேர்ந்தது. அங்கே பவேரியாவின் 12-ஆம் காலாட்படையணி இருந்தது.

கீழ்ச் சின்னம் முழுக்கக் கறுப்பாகத் தெரிவதும் இதோடு பொருந்துகிறது. மேலிருப்பது பேரரசுக்குரிய சின்னம். வெளியே கறுப்பு, இடையே வெள்ளை, நடுவில் சிவப்பு. கீழிருப்பது அந்தந்த அரசுக்குரியது. அக்காலத்து ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கு எளிதில் இணங்குபவை, சிவப்பை அறவே உணராதவை. ஆகவே சிவப்பு கறுப்பாகவும், வெளிர் நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் விழும். மஞ்சளும் பெரும்பாலும் மங்கிக் கறுத்தே விழும். வூர்ட்டம்பெர்க்கின் கறுப்பு-சிவப்பு-கறுப்பு ஒரே கரும்பொட்டாகிவிடுகிறது. பவேரியாவின் வெள்ளை-நீலம்-வெள்ளையாக இருந்திருந்தால் வெளிறிய பொட்டு ஒன்றைத்தான் பார்த்திருப்பீர்கள். பிரஷிய வீரராக இருந்திருந்தால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்திருக்கும். பாடனின் மஞ்சள்-சிவப்பு-மஞ்சளும் சில தகடுகளில் இப்படியே கறுத்து விழும் என்பதால், சின்னத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. இங்கே எண்ணும் ஊரும் துணைக்கு இருப்பதால் சிக்கல் இல்லை.

நாடா, இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவைக்குரியது. அந்த விருது 1914 ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் நிறுவப்பட்டது. எனவே படம் அதற்குப் பிந்தியது. விருது பெற்றவர் உள்ளூர் ஸ்டூடியோவில் நிற்கிறார் என்றால், போர்முனைக்குப் போய் வந்தபின் விடுப்பிலோ காயமுற்றோ ஊர் திரும்பியிருந்தபோது எடுத்துக்கொண்ட படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சட்டையில் பித்தான்கள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். 1915 செப்டம்பரில் பித்தான்களை மறைத்துத் தைக்கும் எளிய மேற்சட்டை அறிமுகமாயிற்று. அது படத்தில் இருந்தால் காலத்துக்கு ஒரு முன்னெல்லை கிடைக்கும். பழைய சட்டை இருந்தால் மட்டும் 1915-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. கிடங்கில் இருந்த பழைய சட்டைகளைப் போர் முடியும்வரை அணிந்தார்கள். புதிய பொருள் "இதற்கு முன் இல்லை" என்பதைக் காட்டும். பழைய பொருள் "இதற்குப் பின் இல்லை" என்பதைக் காட்டாது. சந்தையில் நான் பார்க்கும் தவறான காலக் கணிப்புகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் நேர்பவையே.

இனி வெர்டூன். 127-ஆம் படையணி 27-ஆம் டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் 1915 இறுதிவரை ஆர்கோன் காட்டுப் பகுதியில் இருந்தது. 1916 ஜூனில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே மவுண்ட் சோரலில் கனடியப் படையோடு மோதியது. ஆகஸ்டில் பிரான்சின் சோம் போர்முனையில் கில்மோன் கிராமத்தைக் காத்து நின்றது. எனவே அந்தப் பென்சில் குறிப்பை நான் ஏற்கவில்லை.

மறுமொழி 2: நாடாச்சுருள்

மிக்க நன்றி ஐயா. பித்தான்கள் வெளியேதான் தெரிகின்றன. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: பின்புறத்தில் பென்சில் குறிப்பைத் தவிர, மையினால் எழுதிய நான்கு வரிகளும் உள்ளன. பழைய ஜெர்மானியக் கையெழுத்து என்பதால் எனக்குப் படிக்க வரவில்லை. பென்சில் எழுத்து இன்றைய லத்தீன் எழுத்தாகவே இருக்கிறது. அஞ்சல் முத்திரையோ முகவரியோ இல்லை.

மறுமொழி 3: மைக்கூடு

வணக்கம். முகவரி இல்லாத அட்டை, உறைக்குள் வைத்து அனுப்பப்பட்டதாகவோ நேரில் கொடுக்கப்பட்டதாகவோ இருக்கலாம். அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்டதனாலேயே அதை அஞ்சலில் அனுப்பினார்கள் என்று ஆகாது. ஸ்டூடியோக்களில் அந்தத் தாள் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இரண்டு கைகள் எழுதியிருக்கின்றன என்பதே இங்கே முக்கியமான செய்தி. மையினால் எழுதியது குர்ரென்ட் என்னும் பழைய ஜெர்மானியக் கையெழுத்தாக இருக்க வேண்டும்; 1914-இல் படைக்குப் போன தலைமுறை பள்ளியில் கற்றது அதைத்தான். ஜெர்மானியப் பள்ளிகள் பழைய எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது 1941-இல். எனவே பென்சில் குறிப்பைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ, வீட்டைக் காலி செய்து விற்ற வணிகரோகூட எழுதியிருக்கலாம். ஆனால் எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து இப்படி முடிவு செய்ய நான் தயங்குகிறேன். குர்ரென்ட்டில் எழுதியவர்களே அயல்மொழிப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் பல வேளைகளில் லத்தீன் எழுத்தில் எழுதினார்கள். வெர்டூன் என்பது பிரெஞ்சு ஊர்ப்பெயர். ஆகவே 1916 என்ற எண்ணின் வடிவத்தையும், மை வரிகளில் ஏதேனும் எண் இருந்தால் அதன் வடிவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எழுதியவரின் கையை எண்கள் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

தோள்பட்டி அவர்களின் முடிவை ஏற்கிறேன். எனினும் அந்தக் குறிப்பு வெறும் கட்டுக்கதை என்று நான் நினைக்கவில்லை. ஆர்கோன் காடு வெர்டூனுக்கு மேற்கே அடுத்தாற்போல் இருக்கிறது. 1915-இல் அங்கே போரிட்ட ஒருவர் "வெர்டூன் பக்கத்தில் இருந்தேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தால், பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரோடு 1916 என்ற ஆண்டைச் சேர்த்துவிடுவது இயல்பே. வெர்டூன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஆண்டுதானே.

மை வரிகளைப் படித்துப் பெயர் கிடைத்தால் மேலே போகலாம். பிரஷியப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. அதனால் பிரஷிய வீரர் ஒருவரைத் தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். உங்களுடையவர் வூர்ட்டம்பெர்க்காரர், அந்த அரசின் படைவீரர் பதிவேடுகள் ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் பிறந்த ஊர், தொழில், பெற்றோர் பெயர், பங்கேற்ற போர்கள், பட்ட காயங்கள் எல்லாம் வரிவரியாக இருக்கும். முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்களும் இணையத்தில் தேடும் வகையில் கிடைக்கின்றன. ஆனால் 1916 இறுதியிலிருந்து அவற்றில் படையணியின் பெயர் அச்சிடப்படவில்லை என்பதால், பொதுவான பெயராக இருந்தால் பிறந்த ஊரும் தெரிந்திருக்க வேண்டும்.

குர்ரென்ட் எழுத்தில் 'எ' ஒலிக்குரிய எழுத்து 'ந' ஒலிக்குரியதைப் போலவே தோன்றும். 'உ' ஒலிக்குரியதன் தலையில் மட்டும் ஒரு சிறு வளைவு இருக்கும். அந்த வளைவுகளை முதலில் குறித்துக்கொண்டால் சொற்கள் தாமாகவே பிரிந்து தெரியத் தொடங்கும்.

மறுமொழி 4: வெள்ளியுப்பு

இரண்டாவது படத்தை யாரும் தொடாததால் எழுதுகிறேன். அது இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. 1934 முதல் ஜெர்மானியத் தரைப்படையின் கழுகுச் சின்னம் அணிபவரின் வலது மார்பில்தான் தைக்கப்பட்டது. சட்டையின் எந்தப் பக்கம் எதன் மேல் மூடியிருக்கிறது என்று பாருங்கள். ஆண்களின் சட்டையில் இடப்புறம் மேலே வர வேண்டும். உங்கள் படத்தில் வலப்புறம் மேலே வந்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள்.

அதனால் அது போலி என்று ஆகிவிடாது. கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் அதன் மேல் காட்டுங்கள். 1950-களிலிருந்து ஒளிப்படத் தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அத்தகைய தாள் விளக்கொளியில் பளிச்சென்று நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் போருக்குப் பின் எடுத்த பிரதி. அது விற்பனைக்காகச் செய்ததாக இருக்கலாம். உறவினர் யாரோ பழைய நெகட்டிவிலிருந்து போட்டுக்கொண்ட படியாகவும் இருக்கலாம். விலை வேறு, வரலாற்று மதிப்பு வேறு. ஒளிராவிட்டால் பழைய தாள் என்று நம்ப ஓரளவு இடமுண்டு. அதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்லாது.

நடுவே மெல்லிய கோடு ஓடும் நாடா, 1941-42 குளிர்காலக் கிழக்குப் போர்முனைப் பதக்கத்துடையது. சிவப்பு நாடாவின் நடுவில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நுண்கோடுகள். சிறிய படத்தில் அவை ஒரே கோடாகத் தெரியும். அந்தப் பதக்கம் 1942 மே 26 அன்று நிறுவப்பட்டது. ஆகவே படம் அதற்குப் பிந்தியது. அவர் அந்தக் குளிர்காலத்தில் சோவியத் மண்ணில் இருந்தவர். இவ்வளவுதான் படம் சொல்வது. அங்கே அவர் என்ன செய்தார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முயலாதீர்கள். "பாவம், சின்னப் பையன்" என்று எழுதுவோரும் "கொலைகாரன்" என்று எழுதுவோரும் படத்தில் இல்லாததைத்தான் படிக்கிறார்கள்.

இதில் வல்லுநர்களே சறுக்கியதுண்டு. ஜெர்மானியப் படையின் குற்றங்களைப் பற்றி ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995-இல் தொடங்கிய ஒளிப்படக் கண்காட்சியில், சோவியத் ரகசியக் காவல்துறை கொன்றவர்களின் உடல்களைக் காட்டும் படங்கள் சில ஜெர்மானியர் செய்தவையாகத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன. போக்டன் முசியல், கிறிஸ்தியான் உங்வாரி என்னும் வரலாற்றாய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்ட, 1999-இல் கண்காட்சி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு வல்லுநர் குழு அறிக்கை அளித்தது. 1,433 படங்களில் அங்கே இடம்பெறக் கூடாதவை இருபதுக்கும் குறைவு என்றும், படையின் குற்றங்களைப் பற்றிய அடிப்படைக் கூற்று சரியானதே என்றும் அது சொன்னது. ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்த படக்குறிப்புகளிலேயே இவ்வளவு பிழை இருந்தது என்றால், சந்தைக் கடைக்காரரின் பென்சிலைப் பற்றி என்ன சொல்வது!

இன்னொன்று. நீங்கள் ஜெர்மனியில் வசிப்பதால், அந்தக் கழுகு பற்றியிருக்கும் ஸ்வஸ்திகா தெரியும் படத்தைப் பொதுவில் வெளியிடுவது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின் கீழ் வரக்கூடும். ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வெறுமனே அலங்காரமாகப் போடுவதற்கு இல்லை. விற்பனைப் படங்களில் வணிகர்கள் அந்த இடத்தின் மேல் சிறு தாளை ஒட்டி மறைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மறுமொழி 5: நாடாச்சுருள்

சட்டை வலப்புறம்தான் மேலே மூடியிருக்கிறது. விளக்கை இனிதான் வாங்க வேண்டும். தாளின் பின்புறத்தில் நிறுவன அச்சு ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, படத்தை ஆல்பத் தாளிலிருந்து வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரிக்கலாமா?

மறுமொழி 6: மைக்கூடு

வேண்டாம். ஆவி பட்டால் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும், இல்லையேல் பொருக்காக உரிந்துவிடும். ஒரு குடும்ப ஆல்பத்தைக் கிழித்துத் தாள் தாளாக விற்றால் கூடுதலாகப் பணம் வரும் என்பதால் வணிகர்கள் அப்படியே செய்கிறார்கள். ஒரே வீரர் நான்கு பக்கங்களில் நான்கு தரநிலைகளில் நின்று சொல்லியிருக்கக்கூடிய வரலாறு, நான்கு வாங்குபவர்களிடம் சிதறிப் போகிறது. இந்தத் தாளாவது முழுதாக இருக்கட்டும். தாளின் இரு பக்கங்களையும், வெற்றிடத்தில் பசைத் தடம் மட்டும் எஞ்சியிருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் படத்தின் வெள்ளை ஓரத்தில் காட்டினாலே போதும். ஓரம் ஒளிர்ந்துவிட்டால் பின்புறத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இராது. அந்த வணிகரிடம் அதே ஆல்பத்தின் மற்றத் தாள்கள் இன்னும் விற்காமல் இருக்கின்றனவா என்று அடுத்த சந்தையில் முதலில் கேளுங்கள். உல்ம் அட்டையின் மை வரிகளைச் சாய்வான வெளிச்சத்தில், பெரிய அளவில் எடுத்து இங்கே இடுங்கள். கையொப்பத்தில் குடும்பப் பெயர் இருந்தால் ஸ்டுட்கார்ட்டுக்கு எழுதவேண்டிய விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.