ஹொவானஸின் லூசாட்ஸாக்: எட்டே தந்திக் கருவிகளோடு மேடையேற்ற முடியுமா?

வெண்கட்டை:
அமெரிக்க இசையமைப்பாளர் ஆலன் ஹொவானஸின் 'லூசாட்ஸாக்' (1944, பியானோவும் தந்தி வாத்தியக் குழுவும்) ஒரு கல்லூரிக் குழுவுக்கு எடுக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. கையில் இருப்பது வயலின் 5, வயோலா 1, செல்லோ 2. டபுள் பேஸ் கிடையாது. 'ஒன்றுசேராமல், திரும்பத் திரும்ப' வாசிக்க வேண்டிய இடங்களை எப்படிப் பழக்குவது? பியானோ பகுதி பெரும்பாலும் ஒற்றை வரியாகப் போகிறது, பெடலை என்ன செய்வது? கூடவே ஒரு சந்தேகம்: கேட்டால் நம் ராகங்களின் சாயல் தெரிகிறது. அவர் சென்னையில் கற்றதன் விளைவா இது?

மந்திரஸ்தாயி:
கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஆண்டுக் கணக்கு இடிக்கிறது. அவர் சென்னைக்கு வந்தது 1959-60இல், ஃபுல்பிரைட் உதவித்தொகையில். லூசாட்ஸாக் அதற்குப் பதினைந்து வருடம் மூத்தது. 1936இலேயே பாஸ்டனுக்கு வந்த உதய் சங்கர் நடனக் குழுவில் விஷ்ணுதாஸ் ஷிராலியின் இசையைக் கேட்டிருந்தார் என்பது சரிதான். ஆனால் இந்தப் படைப்பின் வேர் வேறு இடத்தில்.

அப்பா அதானாவில் பிறந்த ஆர்மேனியர், டஃப்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அம்மா ஸ்காட்லாந்து வம்சாவளி. 1940 வாக்கில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுனில் இருக்கும் புனித யாக்கோபு ஆர்மேனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கப் போனார். அங்கே கேட்ட வழிபாட்டுப் பாடல்களும் ஆர்மேனியப் பாதிரியாரும் இசை அறிஞருமான கோமிதாஸ் சேகரித்து வைத்த நாட்டுப் பாடல்களும்தான் அவரைத் திருப்பின. 1942இல் டாங்கிள்வுட் இசைப் பயிற்சி முகாமில் ஹொவானஸின் முதல் சிம்பொனியின் பதிவை இசையமைப்பாளர்கள் காப்லாண்டும் பெர்ன்ஸ்டைனும் ஏளனம் செய்தார்கள். அதற்குப் பிறகு முழு மூச்சாக ஆர்மேனியப் பக்கம் இறங்கிவிட்டார். அந்த ஏளனத்துக்கு இந்த விதத்தில் நாம் நன்றி சொல்லலாம்.

ராகச் சாயல் பற்றி: கோமிதாஸ் விளக்கியபடி ஆர்மேனிய இசையின் அடிப்படை நான்கு ஸ்வரக் கட்டுகளின் சங்கிலி. ஒரு கட்டு முடியும் ஸ்வரத்திலேயே அடுத்தது தொடங்கும். ச ரி2 க3 ம1 என்று ஆரம்பியுங்கள் (எண் அந்த ஸ்வரத்தின் வகையைக் குறிக்கும்). அடுத்தது ம1 ப த2 நி2. இதுவரை அசல் ஹரிகாம்போதி. மூன்றாவது கட்டு நி2இல் தொடங்கி ச ரி2 வழியாக க2இல் போய் நிற்கும். மத்திய ஸ்தாயியில் அந்தர காந்தாரம் (க3), தார ஸ்தாயியில் சாதாரண காந்தாரம் (க2)! நம் காது உடனே 'அபஸ்வரம்' என்று சொல்லும். வயலின்காரர்கள் கர்நாடகப் பயிற்சி உள்ளவர்களாக இருந்தால் கை தானாகவே மேல் காந்தாரத்தைத் 'திருத்திவிடும்'. அதோடு கமகமும் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதும்) சேர்ந்துகொள்ளும். ஸ்கோரில் உள்ளது உள்ளபடி வரட்டும்.

வில்லும்நாணும்:
நன்றாகச் சொன்னீர்கள் சார். ஒன்றுசேராமல் வாசிக்கும் இடங்களைக் கேட்டிருந்தீர்களே, அந்த முணுமுணுப்பு உத்திக்கு நான் வருகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஸ்வரத் தொடர் கொடுத்து, அதை அவரவர் வேகத்தில் சுழற்றச் சொல்வதுதான் விஷயம். ஹொவானஸ் இதை முதலில் கையாண்டது லூசாட்ஸாக்கில்தான். ஸ்வரங்கள் நிலையானவை, காலப்பிரமாணம் மட்டும் அவிழ்த்து விடப்பட்டது. ஆகவே இதை மனோதர்மம் (அவரவர் கற்பனைப்படி வாசிப்பது) என்று குழுவுக்கு விளக்காதீர்கள், ஆளாளுக்குச் சங்கதி போட ஆரம்பித்துவிடுவார்கள்.

கெடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். நாலைந்து சுற்றுக்குள் எல்லோரும் ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்து வாசிக்கத்தானே வருடக்கணக்காகப் பழகியிருக்கிறார்கள். இதை உடைக்க, ஒரே ஸ்டாண்டில் இருவரை உட்கார வைக்காதீர்கள், பக்கத்து வில்லைக் கண் பின்தொடரும். தொடரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஒத்திகையில் முதலாமவர் முதல் ஸ்வரத்திலிருந்தும் இரண்டாமவர் மூன்றாவதிலிருந்தும் எடுக்கட்டும். இவர் கொஞ்சம் வேகம், அவர் கொஞ்சம் நிதானம் என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம். தொடரின் முதல் ஸ்வரத்தில் அழுத்தம் கூடாது, அழுத்தம் விழுந்தால் காது அங்கே தாளம் பிடித்துக்கொள்ளும். நடத்துநர் தொடக்கத்துக்கு ஒரு சைகை, முடிவுக்கு ஒரு சைகை காட்டினால் போதும். நடுவில் கை அசைத்தாரோ, எல்லோரும் அந்தக் கைக்குள் வந்துவிடுவார்கள்.

ஒலி மிக மெல்லியதாக இருக்க வேண்டும். தனித்தனி வயலினாகக் கேட்டால் அது குழப்பம், கூட்டம் முணுமுணுப்பது போல் கேட்டால் சரி. ஐந்து வயலின் என்பது விளிம்பு நிலை. இரண்டு பகுதியாகப் பிரிக்கும் இடங்களில் 3, 2 என்று மெலிந்துவிடும். இன்னும் மூன்று பேராவது கிடைத்தால் நல்லது. பேஸ் இல்லாததால் ஆதார சுருதியை இரண்டு செல்லோக்கள்தான் தாங்க வேண்டும். வில்லை இருவரும் ஒரே நேரத்தில் திருப்பினால் சுருதியில் ஓட்டை விழும், மாற்றி மாற்றித் திருப்பச் சொல்லுங்கள்.

எட்டுக்கட்டை:
பியானோவுக்கு என் பங்கு. அந்த ஒற்றை வரி கானூன், தார், ஊத் போன்ற மீட்டும் கருவிகளின் சாயல். அது மெலிந்து தெரிகிறதே என்று இடது கையில் கார்டு (பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிப்பது) சேர்த்தால் மொத்தமும் போச்சு. ஒரே ஸ்வரம் படபடவென்று திரும்பும் இடங்களில் 3-2-1 என்று விரல் மாற்றி வாசியுங்கள். அப்ரைட் பியானோ என்றால் இங்கே தடுமாறும். கிராண்டில் கட்டை பாதி மேலே வந்தாலே சுத்தியல் மறுபடி அடிக்கும், அப்ரைட்டில் ஏறக்குறைய முழுக்க மேலே வர வேண்டும். வேகத்தில் ஸ்வரம் விழுங்கப்படுவது விரல் பலவீனத்தால் அல்ல, இதனால்தான்.

பெடலை நீளமாகப் பிடியுங்கள், அந்த ரீங்காரமும் சுருதியின் பகுதிதான். கீழ்ஸ்தாயியில் அரைச்சுர இடைவெளிகள் வரும்போது மட்டும் சேறாகிவிடும். அங்கே பெடலை முழுக்க எடுக்காமல் பாதி தூக்கி மறுபடி அழுத்தினால் அடி ஒலி நீடிக்கும், மேலே தெளியும்.

வெண்கட்டை:
மிக்க நன்றி. ஸ்கோரைப் படி எடுத்துக்கொள்ளலாமா? ஆள் சேராவிட்டால் ஹொவானஸின் வேறு படைப்புகளான நாகூரானோ மெட்ராஸ் சொனாட்டாவோ எடுக்க முடியுமா?

மந்திரஸ்தாயி:
படி எடுக்க முடியாது. அவர் இறந்தது 2000, ஜூன் 21. இந்தியச் சட்டப்படி அதற்குப்பின் 60 ஆண்டு, அதாவது 2060 முடியும் வரை உரிமை இருக்கிறது. பதிப்பாளரிடம் வாடகைக்குக் கேளுங்கள். பேஸ் இல்லாமல் வாசிக்கப் போவதையும் அப்போதே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

நாகூரான் உங்களுக்கு ஆகாது. நாகூர் தர்காவுக்குப் போய்வந்து, நம் வாத்தியங்களுக்காகவே எழுதியது அது. சென்னை வானொலியின் குழு வாசித்து, 1960 பிப்ரவரி 3 அன்று ஒலிபரப்பானது. மெட்ராஸ் சொனாட்டா தனிப் பியானோவுக்கு. அதன் பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம், முதல் வடிவம் 1947ஐச் சேர்ந்தது.

ஆள் சேராவிட்டால் அவருடைய 'புனித கிரிகோரியின் பிரார்த்தனை' (1946) பாருங்கள். ஒரு டிரம்பெட், தந்திகள், ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆர்கனோடும் வாசிக்கிறார்கள். ஸ்வரங்கள் எளிது, டிரம்பெட்காரருக்கு மூச்சுதான் சோதனை. வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் பிரார்த்தனை துண்டு துண்டாகிவிடும். எங்கே மூச்சு என்று பென்சிலில் குறித்துக்கொண்டு, முதல் ஒத்திகையைத் தந்திகள் இல்லாமல் செல்லோவின் ஒற்றைச் சுருதியோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.