புதுப்பிப்பு: புதிய வால்வ் ஆம்ப்பில் கனமான கிட்டார் ரிதம் ஒலி, குழைவு நீங்கியது

புதிய வால்வ் ஆம்ப்பின் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) கெய்ன் சேனலில், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் பிரிவில், பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பிகளை லேசாக அழுத்தி) வாசித்தால் கிட்டாரின் ஆறாவது, மிகத் தடித்த கம்பியின் ஒலி தெளிவின்றிக் குழைகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை (ஒலிக்குக் கரகரப்பு சேர்க்கும் சிறு கருவி) ஆம்ப்புக்கு முன்னால் இணைத்து, அதன் டிரைவை (கரகரப்பின் அளவு) முற்றிலும் குறைத்து, லெவலை (வெளிவரும் ஒலியின் அளவு) நன்றாக உயர்த்தச் சொன்ன யோசனை. அந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு அதிர்வெண்களை முன்னிறுத்துவதால், பேஸ் (தாழ்ந்த அதிர்வெண்கள்) மிகுதியாகச் சென்று ஆம்ப்பின் முதல்கட்டமான ப்ரீஆம்ப் வால்வுகளைத் திணறடிப்பதில்லை. என் ஆம்ப்பில் பேஸ் குமிழ், சிக்னல் செல்லும் பாதையில், ஒலியைப் பெருக்கும் கெய்ன் நிலைகளுக்குப் பின்னால் இருப்பதால், அதை மட்டும் குறைக்கச் சொன்ன யோசனை ஒலியை மெலிதாக்கியதே தவிர குழைவைத் தீர்க்கவில்லை.

பெடல் வந்தபின் ஆம்ப்பின் கெய்னை 7இலிருந்து 4க்கு இறக்கி, மிட்டை (நடு அதிர்வெண் குமிழ்) 6க்கு ஏற்றினேன். கம்பியை உள்ளங்கை தொட்ட கணமே ஒலி அறுபடுகிறது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

எதிர்பாராதவை இரண்டு. பெடலால் இரைச்சல் கூடியதால் நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்கும் கருவி) அவசியமாயிற்று. மேலும், குறைந்த ஒலியளவில் நம் செவி பேஸைக் குறைவாகவே உணர்வதால், அறையில் சரியாக இருந்த அமைப்பு டிரம்ஸுடன் உரக்க வாசித்தபோது கனத்துப்போனது. அங்கே பேஸை 5இலிருந்து 3க்குக் குறைத்ததும் பேஸ் கிட்டாருக்கும் இடம் கிடைத்தது.