கடைசி வரிசையில் பாப் யூக்கர்

அமெரிக்காவின் மில்வாக்கிக்கு வேலைக்கு வந்த முதல் கோடையில் எனக்கு பேஸ்பாலில் ஒன்றும் தெரியாது. வாங்கிய பழைய காரின் ரேடியோவில் 620 ஏஎம் மட்டும்தான் தெளிவாக எடுத்தது. சரி, ஓடட்டும் என்று விட்டேன். பாப் யூக்கர் என்ற பெரியவர் பாதி ஆட்டமும் பாதி ஊர்க்கதையுமாக வர்ணனை சொல்லிக்கொண்டே போவார். ஊர் அணியான ப்ரூவர்ஸ் ஏழு ரன் பின்தங்கிக் கிடந்தாலும் சலிக்காது. சொல்லப்போனால் தோற்கிற நாளில்தான் கதை களைகட்டும். பந்து உயரப் பறந்தால் மட்டும் குரல் எகிறும்: "கெட் அப், கெட் அப், கெட் அவுட்டா ஹியர், கான்!" வீடு வந்த பிறகும் இன்னிங்ஸ் முடியட்டும் என்று காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவரே ஆடியவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1962 முதல் 1967 வரை ஆறு சீசன், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்), பேட்டிங் சராசரி .200. அதாவது மட்டம்தான். பந்தை எல்லை தாண்டி அடிக்கும் ஹோம் ரன் மொத்தம் 14. ஒன்று, பெரிய பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் வீசிய பந்தில்! தன்னிடம் அடி வாங்கியதால் கோஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெரிய கௌரவம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்ததாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். 1971இல் பிடித்த மைக்கை 2024 சீசன் வரை விடவில்லை.

* * *

நான் பார்த்தது சிலையாக இருந்த யூக்கரை. ப்ரூவர்ஸ் மைதானத்தின் மேல்தளத்தில், கூரையின் தூண் மறைக்கிற சீட்டுகள் இருக்கின்றன. நான் போனபோது டிக்கெட் ஒரு டாலர், பெயரே 'யூக்கர் சீட்'. ஒரு பியர் விளம்பரத்தில் யூக்கர் முன்வரிசை கிடைக்கும் என்று நம்பிப் போய், உச்சாணியில் தனியாக உட்காருவார். அதிலிருந்து வந்த பெயர். கடைசி வரிசையில் அவர் சிலையே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டேன். ஆட்டம் பாதிதான் தெரிந்தது. 2025 ஜனவரி 16 அன்று, 90 வயதில் அவர் போன செய்தி வந்ததும் அந்தப் படத்தைத்தான் தேடினேன்.

* * *

பேஸ்பால் மாதிரியே ஆடும் எங்கள் ஆபீஸ் சாஃப்ட்பாலில் கேட்சர் நான். 1967இல் பந்துவீச்சாளர் ஃபில் நீக்ரோவின் நக்கிள்பாலை, அதாவது அவ்வளவாகச் சுழலாமல் தள்ளாடி வரும் பந்தை, பிடிக்கத் திண்டாடியவர் யூக்கர். அந்த வருடம் அதிகமாகப் பந்தைத் தவறவிட்ட கேட்சரும் அவரே. அதைப் பிடிக்க அவர் சொன்ன வழி: உருண்டு நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொள். நானும் அப்படியே செய்தேன். அதற்குள் எதிரணி ஆள் மூன்றாவது பேஸ் வரை ஓடிப்போய் நின்று கையாட்டினார்.